கீழ்த்தட்டில் வைக்க வேண்டிய மருந்து

நான் விற்கிற மாவில் இட்லி அவித்தால் பூப்போல வரும் என்று ஆமத்தூரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், மேடம். அதில் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. உளுந்தைத் தனியாக ஆட்ட வேண்டும். பொங்கியதும் ஃபிரிட்ஜில் கீழ்த்தட்டில் வைக்க வேண்டும். மேலே ஃப்ரீசரில் வைத்துவிட்டால் போச்சு. உறைந்த மாவு உருகி வரும்போது பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், தொட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அவித்து எடுத்த பிறகுதான் கல்லாகக் கிடக்கும். உள்ளே பொங்கி நின்ற நுரையெல்லாம் உடைந்துபோயிருக்கும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒரு தடவை இடமில்லாமல் ஒரு சட்டி மாவை மேலே வைத்துவிட்டு, அத்தனையையும் வாறுகால் சாக்கடையில் கொட்டித் தெரிந்துகொண்டேன்.

நீங்கள் கேட்டது இசைவாணியைப் பற்றி. அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே தெரு. ஒரே வருஷத்தில் கல்யாணமாகி வந்தோம். என்னைவிட ஒரு வயது இளையவள், அதனால் அக்கா என்று கூப்பிடுவாள். வேலையும் ஒரே பட்டாசுக் கம்பெனியில், ஒரே அறையில். புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற வேலை. வெடிக்குள் அடைக்கிற பொடியையும் எங்கள் பக்கத்தில் மருந்து என்றுதான் சொல்வோம். ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. நூல் சேலைதான் கட்ட வேண்டும். வளையல், கொலுசு, தலையில் ஊக்கு எதுவும் ஆகாது. எங்காவது இரும்பு உரசி ஒரு பொறி விழுந்தால் நாலு பேரையும் அள்ளித்தான் எடுக்க வேண்டும்.

கேட்டில் ராக்காயி என்று ஒருத்தி எல்லாரையும் சோதித்துத்தான் விடுவாள். ஆனாலும் சீசன் நேரத்தில் கூட்டம் நெருக்கும்போது அவள் கண்ணுக்குத் தப்பிவிடும். அதனால் எங்கள் அறையில் நாங்களாக ஒரு பழக்கம் வைத்திருந்தோம். உள்ளே நுழைவதற்கு முன் ஒருத்தி தலையை இன்னொருத்தி விரல்விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு "சரி" என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு பேச்சே கிடையாது. அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் நாலு உயிர் உள்ளே உட்காரும். இசைவாணி தலையை நான் பார்ப்பேன். என் தலையை அவள் பார்ப்பாள்.

அவளுடைய முடிக்குள் விரலை விட்டால் விரல் காணாமல் போகும். எனக்கும் நல்ல முடிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் எனக்குப் பின்னல் இடுப்போடு நின்றுவிடும், அவளுக்கு அதற்குக் கீழே இன்னும் ஒரு சாண் தொங்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து காலைதோறும் அந்த ஒரு சாணை நான் என் கையால் தடவியிருக்கிறேன். அதில் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததாக நினைவில்லை. இருந்திருந்தால் அவளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டிருப்பேனா, சொல்லுங்கள்.

நோய் எனக்குத்தான் முதலில் வந்தது. இடது மார்பில் ஒரு கட்டி. மதுரையில் பார்த்தோம். சிவப்பாக ஒரு மருந்தை டிரிப்பில் ஏற்றினார்கள். மூன்றாவது வாரம் தலைவாரினால் சீப்போடு வந்தது, பிறகு சீப்பே தேவையில்லாமல் போனது. புருவம்கூட உதிர்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் பாண்டி நல்ல மனிதர். குடிக்க மாட்டார், கையை நீட்ட மாட்டார். மாவு வாங்க ஆள் வரும்போது மட்டும், "தலையில துணியப் போட்டுக்கிட்டு வா, பிள்ளைக பயப்படுதுக" என்பார். வீட்டில் யாரும் இல்லாத நேரத்திலும் பிறகு நான் துணியைக் கழற்றவில்லை. ஆஸ்பத்திரிக்கு என்னோடு ஒரு தடவை வந்தார். அந்த வாடை தனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மற்ற தடவையெல்லாம் இசைவாணிதான் லீவு போட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறினாள். வாந்தி எடுத்தால் பையைப் பிடித்தாள். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

எனக்குச் சிகிச்சை முடியப் போகிற சமயத்தில் அவளுக்கும் கட்டி வந்தது. கேட்டவுடனே எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது என்றால் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். துணைக்கு ஆள் கிடைத்ததே என்கிற சந்தோஷம்தான் அது.

ஆனால் அவளுக்கு வேறு மருந்து எழுதினார்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன். அதே சிவப்பு மருந்துதான், ஆனால் வேறு விதமாகச் செய்தது. ஆஸ்பத்திரியில் மருந்துப் பிரிவில் இருந்த பெண் பொறுமையாக எங்களுக்கு விளக்கினாள்.

"இதுக்கு லிப்போசோம்னு பேரும்மா. கொழுப்புல செஞ்ச குட்டிக்குட்டி உருண்டை, கண்ணுக்கே தெரியாது. மருந்து அதுக்குள்ள இருக்கும். ரத்தத்துல சுத்துறப்ப உருண்டை லேசுல உடையாது. கட்டி இருக்கிற இடத்துல ரத்தக்குழாய் ஓட்டை ஓட்டையா இருக்கும்ல, அது வழியா உள்ள போயி அங்கதான் மருந்த எறக்கும். இதயம், முடிவேரு இதுலல்லாம் அவ்வளவா எறங்காது."

"நாங்க குழாய்க்குள்ள மருந்து அடைக்கோம்ல, அது மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் இசைவாணி. அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டாள். பிறகு பாட்டிலைக் காட்டி அழுத்திச் சொன்னாள். "ஃபிரிட்ஜ்ல கீழ்த்தட்டுல மட்டும் வைங்க. ஃப்ரீசர்ல வச்சிராதீங்க. உறைஞ்சா உருண்டை உடைஞ்சிரும். அப்புறம் அது சாதா மருந்து மாதிரிதான்."

எனக்கு உடனே புரிந்தது. மாவுக்கும் அதே கதைதானே.

ஆஸ்பத்திரியில் அந்த மருந்து எப்போதும் இருப்பில் இருக்காது. விருதுநகரில் ஒரு மருந்துக்கடையில் சொல்லிவைத்து, டிரிப் ஏற்றுவதற்கு முதல் நாள் இசைவாணியின் வீட்டுக்காரர் பாலகுரு போய் வாங்கி வருவார். ஒரு ஐஸ் பெட்டியை வண்டியில் முன்னால் வைத்து, குழந்தையைக் கொண்டுவருகிற மாதிரி மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவார். அவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. தெருவில் என்னிடம்தான் இருந்தது, மாவு வைப்பதற்கு. "மதினி, ஒங்க ஃபிரிட்ஜ நம்பித்தான் இருக்கோம்" என்று என் கையில் கொடுப்பார். மறுநாள் விடிந்ததும் மூன்று பேரும் மதுரைக்குப் பஸ் ஏறுவோம். எனக்கு ஆஸ்பத்திரி பழகிய இடம் என்பதால் நானும் துணைக்குப் போவேன்.

அவளுக்கு முடி கொட்டவில்லை. ஒரு மாதம் பார்த்தேன், இரண்டு மாதம் பார்த்தேன். அதே பின்னல், அதே கனகாம்பரம். உள்ளங்கையும் உள்ளங்காலும் மட்டும் சிவந்து தோல் உரிந்தது. இந்த மருந்துக்கு அப்படி ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். வருஷக்கணக்காக அலுமினியப் பொடி ஏறிச் சாம்பலாக இருந்த கை அது. இப்போது மருதாணி வைத்த கல்யாணப் பெண் கை போல ஆகிவிட்டது. சூடான பாத்திரத்தைத் தொட முடியவில்லை. பாலகுரு அவளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினார். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து, அவள் காலைத் தன் மடியில் வைத்து, ஆஸ்பத்திரியில் கொடுத்த களிம்பைத் தடவினார். நான் எதிர்வீட்டில் மாவு கட்டிக்கொண்டே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர்மேல் எனக்கு ஆசை என்று எழுதிவிடாதீர்கள். அவர் எனக்கு வேண்டாம். எனக்கு வயிறு எரிந்தது, அதை ஒத்துக்கொள்கிறேன். எனக்கும் அதே நோய்தானே, அதே சிவப்புதானே என்று எரிந்தது.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு பேரும் போனோம். அறை வாசலில் பழைய ஞாபகத்தில் நான் அவளுக்கு முதுகைக் காட்டி நின்றேன். அவள் என் தலைத்துணியை விலக்கி, வெறும் தலையில் விரலை ஓட்டினாள்.

"அக்காவுக்கு இனிமே சோதனையே வேண்டாம்ப்பா. நேரா உள்ள போயிரலாம்" என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டு என் தலையில் முத்தம்கூடக் கொடுத்தாள். பிறகு அவள் திரும்பி நின்றாள். நான் அவள் முடிக்குள் விரலை விட்டேன். அப்படியே இருந்தது. "சரி" என்றேன்.

அந்த வாரம் பாலகுரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தபோது அதை மேலே வைத்தேன்.

இதை நான் எப்படி யோசித்தேன் என்று சொல்கிறேன், நீங்களே நியாயம் பாருங்கள். நான் அதில் விஷம் எதையும் கலக்கவில்லை. ஒரு சொட்டைக்கூடக் குறைக்கவில்லை. உறைந்தால் அது சாதா மருந்தாகிவிடும் என்று படித்தவர்களே சொன்னார்கள். சாதா மருந்து என்றால் என்ன, எனக்கு ஏற்றியதுதானே. அதை ஏற்றிக்கொண்டுதான் நான் உயிரோடு உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கொடுத்ததை அவளுக்கும் கொடுத்தால் அதற்குப் பெயர் குற்றமா? ஒரே தெரு, ஒரே அறை, ஒரே நோய். மருந்தும் ஒன்றாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

விடியற்காலையில் எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தேன். அவர்கள் வருவதற்குள் உருகியிருந்தது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஒரு மாதிரி கலங்கலா இருக்கே. ஃப்ரீசர்ல எதுவும் வச்சீங்களா?" என்றாள்.

பாலகுரு என்னைப் பார்த்தார். "இல்லம்மா, கீழ்த்தட்டுலதான் இருந்துச்சு. போன தடவையும் இப்பிடித்தான் இருந்துச்சு" என்றேன்.

நர்ஸுக்கு மனசு ஆறவில்லை. இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தாள். அப்போது கட்டிலில் படுத்திருந்த இசைவாணி, "அக்கா சரின்னா சரியாத்தாம்மா இருக்கும், நீங்க போடுங்க" என்றாள். அன்றைக்கு வரிசையில் இன்னும் நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

மூன்றாவது வாரம் அவளுக்கு முடி கொட்டத் தொடங்கியது. சிலருக்கு இந்த மருந்திலும் கொட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவள் ரொம்ப அழவில்லை. பாதி போனதும் என்னிடம் வந்து, மீதியைக் கத்தரித்துவிடச் சொன்னாள். நான்தான் கத்தரித்தேன். கண்ணாடியைப் பார்த்து, "ஏக்கா, இப்ப நாம ரெண்டு பேரும் ஒண்ணு போல ஆயிட்டோம்" என்றாள். எனக்கு அவள்மேல் அன்றைக்கு வந்த பாசம் அதற்கு முன்னால் வந்ததே இல்லை. அவளுக்குப் பிடித்த பருப்புருண்டைக் குழம்பு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டியது.

பாலகுருதான் முடிய விடவில்லை. இருக்கன்குடி கோவிலுக்குப் போய் மொட்டை போட்டுவிட்டு வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி, தலை நிறையச் சந்தனத்தோடு தெருவழியாக நடந்து வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ மட்டும் எதுக்குத் தனியா இருக்கணும்?" என்று கேட்டார். தெருவே பார்த்தது. பெண்கள் எல்லாம் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்கள். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "பாலகுரு பொண்டாட்டிக்குக் கொடுத்துவச்சிருக்கு" என்றார். அதை அவர் என்னிடமே சொன்னார், மேடம். என் தலையில் அப்போதும் துணி இருந்தது.

அடுத்த பாட்டிலையும் மேலே வைத்தேன்.

ஒரு தடவை என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படியே விட்டுவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் உண்மையைச் சொல்ல வந்த இடத்தில் பாதியைச் சொல்லக் கூடாது. மொத்தம் மூன்று தடவை. இரண்டாவது தடவை வேறு நர்ஸ், அவள் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இசைவாணிக்குக் கால் வீங்கியது. நாலு வீடு தள்ளியிருக்கிற குழாயடிக்குப் போய்த் திரும்புவதற்குள் உட்கார்ந்துவிடுவாள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று தலையணைமேல் தலையணை வைத்துச் சாய்ந்தபடியே தூங்கினாள். பாலகுரு அவளுக்கு விசிறிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அதை நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

மூன்றாவது தடவை போனபோது, "மூச்சு வாங்குதா?" என்று டாக்டர் கேட்டார். இசைவாணி பேசுவதற்கே திணறினாள். அவளுக்காக நான்தான் பதில் சொன்னேன். "பஸ்ல நின்னுக்கிட்டே வந்தோம் சார், வெயில் வேற" என்றேன். அடுத்த தடவை வரும்போது இதயத்துக்கு எக்கோ எடுத்துவிட்டு வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார். அடுத்த தடவை என்று ஒன்று வரவில்லை. அந்த வாரக் கடைசியில், பாலகுரு தோளில் சாய்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே போய்விட்டாள்.

அவளுக்கு மட்டும் ஏன் வேறு மருந்து எழுதினார்கள் என்று பிறகு சொல்கிறேன் என்றேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் அவளுக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததில் இதயம் கெட்டுப்போயிருந்தது. அது யாருக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. சிகிச்சைக்கு முன்னால் எக்கோ எடுத்தபோதுதான் தெரிந்தது. அந்த அறைக்குள் துணைக்கு ஒருவருக்குத்தான் அனுமதி. பாலகுரு வெளியே நின்றார். அவள் பயத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், நான்தான் உள்ளே இருந்தேன். "சாதா மருந்து இந்த இதயம் தாங்காதும்மா, அதனாலதான் மாத்தி எழுதுறேன்" என்று டாக்டர் சொன்னார். அவள் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை, வலிக்குமா வலிக்குமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக்கொண்டேன். மூன்று தடவையும் ஃப்ரீசர் கதவைத் திறந்தபோது எனக்கு அது ஞாபகம் இருந்தது. தெரிந்துதான் வைத்தேன். அவளைக் கொன்றது நான்தான்.

குளிப்பாட்டியபோது தலைக்கு நான்தான் தண்ணீர் ஊற்றினேன். பழக்க தோஷம், விரல் தானாக அவள் தலையில் ஓடியது. மழமழவென்று இருந்தது.

இத்தனை நாள் கழித்து நானாக வந்து ஏன் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். போன வாரம் அவளுக்கு முதல் வருஷத் திதி கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்து எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது பாலகுரு திடீரென்று உடைந்துபோனார். மருந்தை எப்படி வைத்திருந்தீர்கள் என்று அவள் போனதும் டாக்டர் அவரிடம் கேட்டாராம். அந்தக் கேள்வியை ஒரு வருஷமாக மனசுக்குள்ளேயே போட்டுப் புழுங்கியிருக்கிறார்.

"ஐஸு நெறைய இருந்தா நல்லதுன்னு நெனச்சு, நான்தான் பாட்டில ஐஸுக்குள்ள பொதைச்சுக் கொண்டாந்தேன். நான்தான் அவளக் கொன்னுட்டேன். மதினி வீட்டுல ஒழுங்காத்தான் வச்சிருந்தாக" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதார். ஊரே அவரைப் பிடித்துக்கொண்டு தேற்றியது. என் வீட்டுக்காரரும் அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குச் சோறு ஊட்டியது அவர், கால் பிடித்தது அவர், மொட்டை போட்டது அவர். கடைசியில் அவள் சாவையும் அவரே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறார். அந்த ஒன்று என்னுடையது. மறுநாளே இந்த ஸ்டேஷனுக்கு வரக் கிளம்பினேன். மாவு ஆட்டி வைத்திருந்ததால் அதை விற்றுத் தீர்த்துவிட்டு இன்றைக்கு வந்தேன்.

வருத்தப்படுகிறாயா என்று கேட்கிறீர்கள். ஏன் இல்லாமல், மேடம்? அவளைப் போல ஒருத்தி எனக்கு இனி எங்கே கிடைப்பாள்? பெரிதாக நான் ஆசைப்படவில்லை, இரண்டு பேரும் ஒன்றுபோல இருக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். பாருங்கள், எனக்கு முடி திரும்ப வளர்ந்து தோளைத் தொட்டுவிட்டது. முன்னைவிட அடர்த்தி என்று ராக்காயி சொன்னாள். இசைவாணி இருந்திருந்தால் அவளுக்கும் இந்நேரம் வளர்ந்திருக்கும். எனக்குப் பிறகுதானே அவளுக்குக் கொட்டியது, அதனால் என்னைவிட ஒரு சாண் குறைவாக இருந்திருக்கும்.